ஷிப்ட் மாறும் நேரம்

மாட்ரிட், வல்லேகாஸ் தபால் கூடம்,
பதினேழாம் எண் இயந்திரத்துக்கு நாங்கள் மூன்று பேர்.
இரவு என்னுடையது. காலை யூத்திமியோவுடையது.
மாலைக்காரனை நான் பார்த்ததே இல்லை.
நாற்காலியைத் தாழ்த்தி வைத்துவிட்டுப் போவான்,
அவ்வளவுதான் தெரியும்.

யூத்திமியோவை தினமும் ஆறு நிமிடம் தெரியும்.
நான் கையுறையைக் கழற்றுவேன், அவன் மாட்டுவான்.
"பார்சலோனா மூட்டை கிழிந்திருக்கு" என்பேன்.
"போய்த் தூங்கு, லேயோகாடியா" என்பான்.

2005, அக்டோபர் மூன்று, திங்கள்.
நான் தூங்கப் போகவில்லை.
பதினொன்றுக்குச் சற்று முன் வெளியே வந்தான்.
வெல்டிங் கண்ணாடி ஒன்று, ஆள் இரண்டு.
லாரி நிற்கும் இடத்துப் பிளேன் மரத்தடியில்
இலையிடுக்கெல்லாம் சிமெண்டில்
குழந்தை வளையல்களைக் கொட்டின,
நடுங்கி நடுங்கி, ஒன்றின்மேல் ஒன்று.
அவன் பூட்ஸின் மேலும் நாலைந்து.
"முழுதாய் மூட முடியலை பார்.
நிலா இன்றைக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது.
நெருங்கி வந்திருந்தால் வெறும் இருட்டு."
நான் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிழிந்த சுங்கப் படிவத்தின் முதுகில்
பென்சிலால் கணக்குப் போட்டுத் தந்தான்:
பதினெட்டு வருஷம், பதினோரு நாள்,
அப்புறம் ஒரு எட்டு மணி நேரம்.
போன தடவை ஒகினாவாவில் விழுந்ததாம்,
கரும்புக் காட்டின் மேல்.
"அந்த எட்டு மணிதான் வில்லங்கம்.
கிரகணம் சொன்ன சொல் தவறாது.
பூமிதான் அதற்குள் ஒரு ஷிப்ட் உருண்டு
வேறு முகத்தைக் காட்டிவிடும்."
தேதி சரி, வாசல் வேறு.
எங்கள் தொழிலில் அதற்கொரு முத்திரை உண்டு.

ஓய்வு பெற்ற மறு மாதமே போய்ச்சேர்ந்தான்.
அடக்கத்தில் அவன் மனைவி கைகொடுத்து
நீங்கள் யாரென்று கேட்டாள்.
"அதே இயந்திரம்" என்றேன்.

2023. சேமிப்பை உடைத்து யூட்டாவுக்குப் பறந்தேன்.
இறங்கியதும் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருகினேன்:
சரியாக எட்டு மணி.
நான் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தான் கார்க்காரன்.

ப்ளஃப் என்றொரு சிற்றூர், சிவந்த பாறைகளின் காலடியில்.
அறை வாடகைக்குத் தந்தவள் ஆர்வில்லா,
நவஹோ என்று நான் சொன்னதை
தினே என்று திருத்தினாள்.
முந்தின இரவே சொல்லிவிட்டாள்:
"நாளைக் காலையில் திரை போட்டிருக்கும்.
உண்ண மாட்டேன், குடிக்க மாட்டேன், தூங்கவும் மாட்டேன்.
சூரியனும் நிலாவும் சேர்ந்திருக்கிற நேரத்தை
வெறித்துப் பார்ப்பது எங்கள் வீட்டில் இல்லை.
நீங்கள் போகலாம்.
கதவை மட்டும் மெல்லச் சாத்துங்கள்."

எட்டாயிரம் கிலோமீட்டர் வந்தவள்
வாசல்வரை போனேன்.
கைப்பிடி சில்லென்றிருந்தது.
திரும்பி வந்து அவளெதிரே உட்கார்ந்தேன்.

சுவர்கள் சாம்பல் பூத்தன. நாய் குரைப்பதை நிறுத்தியது.
தெருவில் யாரோ கூவினார்கள், யாரோ கைதட்டினார்கள்.
திரையில் பூச்சி அரித்த துளை ஒன்று.
அதன் வழியே என் முழங்கால் மேல்
வந்து உட்கார்ந்தது வளையல்.
தானாகவே. வீடு தேடி.
ஆர்வில்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியில் தொங்கிய விமானச் சீட்டைக் கிழித்து
எழுந்துபோய்த் துளையின் மேல் ஒட்டினேன்.
ஒட்டுவதில் முப்பது வருஷப் பழக்கம்.
முழங்கால் வெறுமையானது.
நாலு நிமிஷம், அதற்கும் சற்று மேலே,
இரண்டு பெண்கள் மூச்சு விடுகிற சத்தம்.

வெளிச்சம் முழுதாய்த் திரும்பியும்
அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்தாள்.
பிறகு திரையை விலக்கிக் காபி போட்டாள்.
"அடுத்தது எங்கே?"
படிவத்தை விரித்தேன்.
நகோயா, 2041. மூன்று ஷிப்டும் முடிந்து
புறப்பட்ட பக்கத்துக்கே, கிட்டத்தட்ட.
அந்தக் 'கிட்டத்தட்ட'வின் கீழே
இரண்டு கோடு இழுத்திருந்தான்.

எனக்கு எழுபத்து நாலாகியிருக்கும்.
வர மாட்டேன்.
அங்கே யாரோ, நான் பார்க்கவே போகாதவர்,
நாற்காலியைத் தாழ்த்திக்கொள்ளட்டும்.